நான்காவது வேலி

அக்டோபரின் இரண்டாம் ஞாயிறுக்குப்
பதினோரு நாள் இருக்கையில்
கத்தரியைச் சாணை பிடிக்கிறேன்.
வேலி என் கழுத்தளவு.
அதற்கு அப்பால் பள்ளம்.
ஓடி வரும் குதிரைக்கு வேலிதான் தெரியும்,
பள்ளம் தெரிவது
கால்கள் நிலத்தை விட்ட பிறகு.

குதிரை கீழே தள்ளியதோடு
குழியும் பறித்ததாம் என்று
அதன் மேல் பழி போடுவார்கள்.
பர்துபிட்சேயில்
குழியை நாங்களே பறித்தோம்,
இந்தக் குதிரைகள் பிறக்கும் முன்பே.

கொட்டகையில் ஒரு பேரேடு இருக்கிறது.
வென்றவர்களின் பெயரை நகரம் வைத்துக்கொண்டது,
விழுந்தவர்கள் எங்களிடம்.
முதல் பக்கங்களில் மை துருவேறிவிட்டது:
பேரரசின் குதிரைப்படை அதிகாரிகள்,
மீசைக்கு மெழுகிட்டவர்கள்,
மெழுகு மட்டும் கலையாமல்
சேற்றில் கிடந்தவர்கள்.
லெஃப்டினன்ட் ஹைனெக் ஷ்டிப்ளி:
‘இடது தோள்பட்டை. குதிரை நலம்.
மன்னிப்புக் கேட்டான், குதிரையிடம்.’
கடைசி வரி வேறு கையெழுத்து.

அப்புறம் வெறும் கோடுகள்.
போர்.
தாண்டத் தெரிந்த குதிரைகளும்
பீரங்கி இழுக்கப் போய்விட்டன.
அவை எங்கே விழுந்தன என்று எழுத
எந்த வேலிக்காரனும் கூடப் போகவில்லை.

அறுபத்தெட்டில் பந்தயம் இல்லை.
ஆகஸ்டிலேயே டாங்கிகள் வந்துவிட்டன,
தாண்டத் தெரியாதவை,
எல்லாவற்றின் மீதும் ஏறித்தான் போகும்.
அப்போது வேலிக்குப் பொறுப்பு வென்ட்செலின் க்ரூபா.
யாருக்காக என்று கேட்காமல்
மட்டம் பார்த்து வெட்டியிருக்கிறார்.
‘அக்டோபர் 13. ஒரு முயல்.
அடியில் நுழைந்து போனது. விழவில்லை.’
இந்த வரிக்காக இரண்டு பேர்
கோட்டுப் பையில் கைவிட்டபடி வந்து
முயல் என்றால் யார்
என்று விசாரித்தார்களாம்.

தொண்ணூறுகளில்
ஓடுதளத்தில் ஆட்கள் உட்கார்ந்தார்கள்,
செத்த குதிரைகளின் பெயரை அட்டையில் எழுதி.
சவுக்கும் வசையும் பறந்தன.
பிறகு ஒருநாள்
பள்ளத்தைத் தூர்க்க உத்தரவு.
எனக்குப் பத்தொன்பது வயது, முதல் வேலை.
மண் கொட்டும் முன்
அடியைச் சுரண்டினோம்:
இரண்டு லாடம்,
இரட்டைத் தலைக் கழுகு பதித்த பொத்தான்,
மூன்று பல்.
மனிதப் பல்லா குதிரைப் பல்லா என்று
கேட்க வேண்டியதில்லை,
ஒன்று மனிதப் பல்.
பீர்க்கடையில் கிழவர்கள் முனகினார்கள்:
பந்தயமா இது,
பல் பிடுங்கிய பாம்பு.
நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

போன வருடம்
யெர்ஜாபினா என்ற சாம்பல் நிறப் பெட்டை
ஓட்டோகர் ப்ரஷிலை இங்கே உதறியது.
அவன் எழுந்து உட்கார்ந்து
விரல்களை எண்ணினான்.
அது எழுந்து
நின்றது.
பிறகு ஓடியது,
கடிவாளம் தொங்க,
காலி அங்கவடிகள் விலாவில் அடிக்க,
உழுத வயலில் மற்றவற்றோடு சேறு கிளப்பி
மிச்சமிருந்த ஒவ்வொரு தடையையும்,
ஒன்று விடாமல்,
யாரும் சொல்லாமல்.
இஞ்சி ரொட்டி அடைத்த வாயோடு
கூட்டம் சிரித்துக் கத்தியது.
எல்லைக்கோட்டை
எல்லோருக்கும் முன்னால் கடந்து
யாரும் நிறுத்தாததால்
இன்னும் கொஞ்ச தூரம் போனது.

கணக்கில் வராது என்றார்கள் நடுவர்கள்.
பார்த்தீர்களா, அதற்கே ஆசை
என்றார்கள் பீர்க்கடையில்.
பார்த்தீர்களா, பயத்தில் கூட்டத்தை விட்டுப் பிரியாது
என்றார்கள் அட்டை பிடித்தவர்கள்.
இரு தரப்புக்கும் அதே குதிரை சாட்சி.

நான் ப்ரஷிலை எழுதினேன்:
‘சுண்டுவிரல்.’
பெட்டையை எங்கே எழுதுவது?
விழுந்தது, ஓடியது, வந்தது.
பேரேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
பென்சில் முனை பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து
அப்படியே நிற்கிறது.

பதினோரு நாள்.
கத்தரிக்கு நல்ல கூர்.
வெட்டிய தழையில் மழை வாசம்.
மேல்விளிம்பை
ஒரு விரற்கடை
குறைத்தே வெட்டுகிறேன்.
யாரும் அளக்க வரப்போவதில்லை.